மீன்தொட்டியில் மரவள்ளி நட்ட மச்சான்

இட ஒதுக்கீட்டு மறியலால் சின்னசேலத்துக்கு பஸ் இல்லை. என் மனைவியின் தம்பி நேற்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

இன்று காலை மீன்தொட்டிச் செடிகளைப் பிடுங்கி, திரும்ப நடுவதற்காக நுனிகளை வெட்டி வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன்.

வந்து பார்த்தால் நுனிகள் எல்லாம் குப்பைக் கூடையில், கருவாட்டுத் தலைகளோடு. தொட்டி மணலில் மொட்டைத் தண்டுகளை வரிசையாக நட்டிருக்கிறார்.

"இன்னா மாமா, பிஞ்சு நுனிய எவனாச்சும் நடுவானா? மரவள்ளிக்கு முத்துன குச்சியத்தான நடுறோம்?"

"இது இன்னா உன் கொல்லையா?"

"கொல்லையா இருந்தா இன்னும் நல்லா நட்டிருப்பேன்."

ஆறு மாதமாக வளர்த்த சிவப்புச் செடி அது. நாறிப்போன நுனியை மீன்களுக்கு நடுவே எப்படி வைப்பது?

மொட்டைத் தண்டிலும் துளிர் வரும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லப் போவதில்லை. நீங்களும் சொல்லித் தொலைக்காதீர்கள்.