மண்டபத்தில் எட்டு விளக்கு

இருட்டு என்றாலே கோயில் ஒயர்மேனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டு வருடமாக அவர் காதில் விழுவது ஒரே புகார்தான்: "உள்ள சாமியே தெரியல." அதிகம் புலம்பியது அவர் மனைவி.

"ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுறீங்க. நான் இன்னும் அம்மன் முகத்தப் பார்த்ததில்ல" என்பாள். அது அவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

கருவறைக்குள் மின்விளக்கு கூடாது என்பதில் குருக்கள் கண்டிப்பு. ஒயர்மேன் என்னதான் செய்வார்? புகார் வரும்போதெல்லாம் கருவறை வாசலுக்கு முன்னால் இருக்கும் தூண் மண்டபத்தில் ஒரு விளக்கைக் கூட்டினார். குண்டு பல்பில் தொடங்கியது, எட்டு டியூப்லைட்டில் வந்து நின்றது. புகார் மட்டும் குறைந்தபாடில்லை.

குருக்கள் தலையில் அடித்துக்கொள்வார். "முற்றம், மண்டபம், கருவறைன்னு கட்டினவங்க வெளிச்சத்தப் படிப்படியா கொறச்சிருக்காங்க. உள்ள வர வர கண்ணும் அடங்கணும், மனசும் அடங்கணும். நீங்க நடுவுல சந்தைக்கடை போட்டு வெச்சிருக்கீங்க."

"உள்ள ஒரே ஒரு பல்புக்கு நீங்க தலையாட்டியிருந்தா நான் ஏன் சாமி இந்தப் பாடு படுறேன்?" என்று இவர் எரிந்து விழுவார்.

இந்த வாரம் கோயில் மேனேஜர் இன்னும் இரண்டு விளக்கு மாட்டச் சொன்னார். ஒயர்மேன் காலையிலேயே மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினார். அவர் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மனைவி வந்து சேர்ந்தாள்.

"கரண்ட் இல்லாத நேரமாப் பார்த்துத்தான் வரணுமா? அப்புறம் வந்து கும்பிடு."

"வெயில்ல வந்திருக்கேன். கொஞ்சம் உட்கார விடுங்களேன்" என்று அவள் தூணோரம் சாய்ந்துகொண்டாள்.

கால் மணி நேரம் போயிருக்கும்.

"என்னங்க."

"இப்ப என்ன?"

"அம்மன் சிரிக்கிறா."

வெயிலில் இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முணுமுணுத்தபடி இறங்கி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். உள்ளே எப்போதும் எரியும் எண்ணெய் விளக்குதான். ஆனால் கன்னம் தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது, உதட்டோரத்துச் சிரிப்பும் தெரிந்தது. அவரும் அதை அன்றுதான் பார்த்தார். நிமிர்ந்து, அணைந்து கிடந்த தன் எட்டு விளக்கையும் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக இவளிடமிருந்து அம்மனை மறைத்தது தானேதான் என்று விளங்கியபோது, யார்மேல் எரிந்து விழுவது என்று தெரியவில்லை.

வெளியிலிருந்து மேனேஜர் கத்தினார். "என்னய்யா, கரண்ட் எப்ப வரும்? சாமி தெரியலன்னு சத்தம் போடுறாங்க!"

"கால் மணி நேரம் உட்காரச் சொல்லுங்க சார், தெரியும்!" என்று அதைவிட உரக்கக் கத்திவிட்டு, எட்டாவது விளக்கைக் கழற்ற ஏணியில் ஏறினார். மனைவி ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பார்வையை மட்டும் உள்ளேயிருந்து எடுக்கவில்லை.