சம்சாரத்தைச் சுற்றி வந்த நட்சத்திரம்

கூட்டத்துக்கு முன்னால் நிற்கச் சொன்னால் நான் பின்வாசல் வழியாகப் போய்விடுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷின் பக்கம் வேலை. அந்தச் சத்தத்தில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். எனக்கு அது வசதி. அப்படிப்பட்ட என்னைத்தான், போன வருஷம் கம்பஸில் வானியல் படித்துக்கொண்டு லீவுக்கு வந்திருந்த மகள், நட்சத்திரமாக நடிக்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் மண்டபத்தில் தோட்டத்து ஆட்களுக்கு அவள் வானத்தைப் பற்றிச் சொல்வதாக ஏற்பாடு. அவள் பேசப் போகிற முதல் கூட்டம்.

"ஆளுங்க பாதியில எந்திரிச்சுப் போயிட்டா அழுதுருவேன்பா," என்றாள். அதற்கப்புறம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

விஷயத்தை முதலில் எனக்கு விளங்க வைத்தாள். பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் சாகும்போது அதன் நடுப்பகுதி சுருங்கிக் கெட்டியாகிவிடுமாம். எங்கள் ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவில், ஒரு இருபது கிலோமீட்டருக்குள், அடங்கிவிடுகிற அளவுதான். ஆனால் எடை நம் சூரியனைவிட அதிகம். அது பம்பரமாகச் சுழல்வதால், அதன் ரேடியோ அலை விட்டுவிட்டு, தாளம் தப்பாமல் நமக்கு வந்து சேரும். பல்சார் என்று பெயர். சில பல்சார்கள் தம்மைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரத்தை நீள்வட்டமாகச் சுற்றுகின்றன, சில நேரம் எட்டத்தில், சில நேரம் கிட்டத்தில். அந்தப் பெரியது தன்னைச் சுற்றி வாயுவைப் பரப்பி வைத்திருக்கும். சின்னது கிட்டப் போய் அதற்குப் பின்னால் மறையும்போது தாளம் மங்கிக் காணாமல் போகும். வெளியே வந்ததும் திரும்பக் கேட்கும்.

பெரிய நட்சத்திரம் என் சம்சாரம். உடம்பைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அவளோடு கொழுந்து பறிக்கிற இரண்டு பெண்கள், மழைக்குப் போடுகிற கம்பளிகளை அவளைச் சுற்றி விரித்துப் பிடித்தார்கள். அதுதான் வாயு. என் கையில் கோயில் கைமணி.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மணியை அடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் அவளைச் சுற்றி நடந்தேன். பாதிச் சுற்றுக்கூடப் போகவில்லை, மண்டபமே எழுந்து நின்றது. போகத்தான் எழுகிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் எல்லோரும் கைகூப்பி நிற்கிறார்கள்! முன்வரிசை கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. மணிச் சத்தம், நடுவில் ஒரு பெண், சுற்றி வர ஒரு ஆள், வேறென்ன செய்வார்கள்?

"என்னங்கடி, என்னய அம்மனாக்கிட்டீங்க?" என்றாள் சம்சாரம், கம்பளிக்குள்ளிருந்து.

"தேங்கா ஒடைக்கவா அக்கா?" பின்வரிசையில் ஒரு குரல்.

மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். மணியை வாங்கிக்கொண்டு ஒரு காலி பிஸ்கட் டின்னும் கரண்டியும் கொடுத்தாள். "எல்லாரும் ஒக்காந்து கண்ண மூடிக்கங்க. அப்பா எங்க இருக்காருன்னு சத்தத்த வச்சே சொல்லுங்க."

கண்கள் மூடியதும் எனக்கு மூச்சு வந்தது. டக், டக், டக். யாரும் பார்க்காவிட்டால் நான் நன்றாகவே நடப்பேன். எட்டத்தில் மெதுவான நடை, நெருங்க நெருங்க வேக நடை, தாளம் மட்டும் மாறாமல், மகள் சொன்னபடியே. பின்பக்கம் போனதும் பெண்கள் என்னையும் டின்னையும் சேர்த்துக் கம்பளியால் மூடினார்கள். சத்தம் அமுங்கியது.

"அண்ணன் அண்ணிகிட்ட வந்துட்டாரு!" கண்ணைத் திறக்காமலே ஒரு பெண் கத்தினாள்.

"எப்புடி அத்த தெரியும்?" என்றாள் மகள்.

"அதான் வாயடைச்சுப் போச்சே!"

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. மகள் துள்ளினாள். "இதாங்க! ரேடியோ டெலஸ்கோப் வச்சுக் கேக்குறவங்களும் இப்புடித்தான் கண்டுபுடிக்கிறாங்க!"

தோட்டத்து வேலையை மேற்பார்த்து ஓய்ந்த கண்டாக்கு ஐயா கையைத் தூக்கினார். "பெருசு சின்னத முழுங்கிராதா பாப்பா?"

மகள் வாயைத் திறக்கும் முன்பே சம்சாரம் கம்பளியை விலக்கித் தலையை நீட்டினாள். "முழுங்குறதா இருந்தா இத்தன வருசத்துல முழுங்கியிருக்க மாட்டேனா?"

அதற்கு எழுந்த சிரிப்பில் எல்லாக் கண்களும் திறந்துவிட்டன. அத்தனையும் என் மேல்தான். நான் டின்னைத் தட்டிக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. "போதும்பா, நில்லுங்க," என்று மகள் சொன்னது காதில் விழத்தான் செய்தது. இன்னொரு சுற்று போனேன்.