அக்கா சொன்ன அர்த்தம்

மத்திகிரியில் பக்கத்து வீட்டில் யாரோ ஆர்மோனியம் வாசித்தார்கள். என்னோடு வாழ்ந்த அக்காவின் காரியம் முடிந்து, உறவினர்கள் அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தார்கள். அந்த ஓசையில், சிறுவயதில் குருபரப்பள்ளியில் நாங்கள் இருவரும் பாய் விரித்துப் பார்த்த நாடகம் நினைவுக்கு வந்தது.

அந்த நாடகத்தில் வசனம் தமிழில் இருந்தது. பாட்டு தெலுங்கில் இருந்தது. மகனைப் போரில் இழந்த ராஜா, தமிழில் சேனாபதியை விசாரித்தார், ஆணைகள் இட்டார். பிறகு ஆர்மோனிய ஓசை எழுந்தது. தெலுங்கில் பாடத் தொடங்கினார்.

“இப்ப எதுக்குக்கா பாடறாரு? கதையச் சொல்லச் சொல்லு” என்றேன்.

“பேசறதுக்கு அவருகிட்ட ஒண்ணும் இல்லடா தம்பி, அதான் பாடறாரு. இதுதான்டா கதையே.”

“என்னான்னு பாடறாரு?”

அக்கா தயங்கவே இல்லை. “ ‘கண்ணு, உன் செருப்பு வாசல்லயே கெடக்குதே, எடுத்து வெக்கட்டுமா, அப்படியே உடட்டுமா’ன்னு பாடறாரு. தொணதொணங்காம கேளு.”

நான் அழுதுவிட்டேன்.

பின்னாளில் தெலுங்கு கற்றபின் அதே பாட்டை மீண்டும் கேட்டேன். அதில் வீரமும் விதியும் இருந்தன, செருப்பு இல்லை. அக்காவுக்குத் தெலுங்கே தெரியாது என்பது அன்றுதான் விளங்கியது. கேட்டபோது சிரித்தாள்: “அப்படிப் பாடியிருந்தா நல்லாருந்திருக்கும்ல?”

பக்கத்து வீட்டு ஆர்மோனியம் நின்றது. வாசற்கதவைச் சாத்தப் போனேன். படியோரத்தில் அக்காவின் செருப்பு கிடந்தது. எடுத்து வைப்பதா, விடுவதா என்று தெரியவில்லை. கதவைச் சாத்தாமலே உள்ளே வந்தேன்.