பாட்டில் வாயைத் துடைத்த அத்தை

எங்கள் அத்தைக்கு நான் வைத்த பெயர் 'பசை'. யாரைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்வார். காலரைச் சரிசெய்வார், வாயோரம் எது இருந்தாலும் கட்டைவிரலால் துடைத்துவிடுவார். எனக்கு மீசை அரும்பிய பிறகும் பேருந்து நிறுத்தத்தில், கூட்டாளிகள் முன்னாலேயே துடைத்து மானத்தை வாங்கினார். வாடிக்கையாளர்களை இப்படித் துடைத்தே துணிக்கடை வேலையை இழந்தவர். அவருக்குத் தடுப்பூசி ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவும் வேலை கிடைத்தது. சோதனைக் காலம் ஒழுங்காகக் கழிந்தால் நிரந்தரம்.

"எதையும் வெறுங்கையால தொடக் கூடாதாம்டா," என்றார்.

"அப்புறம் உன்னை எப்படி எடுத்தாங்க?"

"கேளுடா. நம்ம உடம்போட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு முதலாளி இருக்காரு. அறைய விட்டு வெளிய வரமாட்டாரு, சீட்டுதான் அனுப்புவாரு, இந்தப் புரதத்தச் செய்யின்னு. செஞ்சு முடிச்சதும் சீட்டக் கிழிச்சிடுவாங்க. அந்தச் சீட்டுக்குப் பேருதான் எம்ஆர்என்ஏ. அதே மாதிரி ஒரு சீட்ட நாங்க எழுதி ஊசியில அனுப்புறோம், கிருமியோட சட்டைப் பொத்தான் மட்டும் செஞ்சு காட்டுன்னு. அதப் பாத்து வெச்சுக்கிட்டா, நாளைக்கு அந்தச் சட்டையோட எவன் வந்தாலும் உடம்பு சும்மா விடாது."

"வேற கிருமி வந்தா?"

"சீட்டுல எழுத்த மாத்தினாப் போதும். அதான் மருந்து சீக்கிரம் வருது. ஆனா நம்ம தோல்ல ஒரு நொதி இருக்காம். பட்டா அந்தச் சீட்ட அரிச்சுத் தின்னுடும்."

அன்றிலிருந்து அத்தை வீட்டிலும் கையுறை போட்டுப் பழகினார். நான் வாயெல்லாம் ஜாம் பூசிக்கொண்டு எதிரே போய் நின்றேன். கையுறைக்குள் கட்டைவிரல் துடித்தது.

"போடா எருமை," என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சோதனைக் காலம் முடியும் தறுவாயில் ஒரு பாட்டிலில் ஊற்றிய மருந்தில் சீட்டெல்லாம் சிதைந்து போயிருந்தது. மேற்பார்வையாளர் மருந்து ஊற்றும் இயந்திரத்தைச் சந்தேகித்தார். பிரித்துப் பார்க்க ஆளும் வந்துவிட்டார். அத்தை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"மிஷின் மேல தப்பில்லீங்க மேடம். நான்தான் வாயத் துடைச்சு விட்டேன்."

"யார் வாயை?"

"பாட்டில் வாயத்தான். கையுறையக் கழட்டிட்டுக் கிளம்புற நேரம், ஓரத்துல தூசு மாதிரி தெரிஞ்சுது. கை தானாப் போயிடுச்சு."

நாளை வந்து பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை அத்தை வெறுங்கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஏதோ திருட்டுப் பொருள் மாதிரி. நான் ஜாம் பாட்டிலைத் திறந்து, வாயோரம் பூசிக்கொண்டு போய் முன்னால் நின்றேன். இந்த முறை கிண்டலுக்கு இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்காமல் துடைத்தார்.

மறுநாள் மேற்பார்வையாளர் அவரைப் பாட்டில் பக்கமே விடவில்லை. தங்கள் உடம்பில் மருந்தைச் சோதித்துப் பார்க்க முன்வந்தவர்களுக்கு ஊசி போடும் அறைக்கு மாற்றினார், நிரந்தரமாக. ஊசியைக் கண்டதும் நாற்காலியோடு பின்னால் நகர்கிறவர்கள் அங்கே ஏராளம். கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அந்த மருந்து எல்லோருக்கும் வந்தபோது நானும் அத்தையின் ஊசி அறையில் போய் உட்கார்ந்தேன்.

"பயமாடா?"

"ஆமா அத்தை," என்று கையை நீட்டினேன். எனக்கென்ன பயம்? அவர் வேலை நிலைக்க வேண்டுமே.