இரவல் டிவியும் உதவித்தொகையும்

கொரோனா ஊரடங்கு வந்த வருஷம் நான் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கச்சிராயபாளையத்தில் வீட்டோடு அடைந்து கிடந்தேன். அப்பா கரும்பு வெட்டும் கூலி, அம்மா களையெடுக்கப் போவாள். இருவருக்கும் வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தால் பெரிய விஷயம். அப்போதுதான் அந்தச் செய்தி வாட்ஸப்பில் வந்தது. கொரோனாவால் வேலை இழந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் அறக்கட்டளை தொழிற்பயிற்சி உதவித்தொகை கொடுக்கிறதாம். கட்டணம் அவர்களே கட்டிவிடுவார்கள், கள்ளக்குறிச்சிக்குப் போய்வர பஸ் காசும் உண்டு.

மோட்டார் காயில் கட்டுகிற பயிற்சிக்கு எழுதிப் போட்டேன். இங்கே போர் மோட்டார் எரிந்துபோனால் ஆளுக்கொரு பக்கம் தலையில் அடித்துக்கொண்டு ஓடுவார்கள். வேலைக்குப் பஞ்சம் வராது என்று எனக்குப் பட்டது. உதவித்தொகை கிடைக்காவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிதான். வீட்டில் அதை முடிவே செய்துவிட்டார்கள்.

நேர்காணல் செல்போனில், முகம் பார்த்து. வீட்டையும் காட்டச் சொல்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அங்கேதான் பிடித்தது சனி. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால், மற்ற வீடுகளிலிருந்து கேட்காமலே சாமான் வந்துவிடும். வீட்டைப் பார்க்கிறார்கள் என்றதும் அதே வேகத்தில் எல்லாம் வந்து இறங்கின. பக்கத்து வீட்டு டிவி, எதிர் வீட்டு இரும்பு பீரோ, யார் வீட்டிலிருந்தோ நான்கு நாற்காலி. வாயில் மாஸ்க் கட்டிக்கொண்டு ஐந்து பேர் பீரோவைத் தூக்கி வந்தார்கள். இடைவெளியாவது ஒன்றாவது. அம்மா கழுத்தில் இரண்டு பவுன் சங்கிலி வேறு, அதுவும் இரவல்.

இது இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற பணம் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்தேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இல்லாதவங்கன்னு தெரிஞ்சா எவன்டி மதிப்பான்? வாய மூடிக்கினு உக்காரு."

போனில் வந்த அறக்கட்டளை அம்மையார் நல்லபடியாகத்தான் பேசினார். வீட்டைச் சுற்றிக் காட்டியதும் முகம் மாறியது. அப்பாவிடம் நிலம் உண்டா என்று கேட்டார். அப்பா கண் இமைக்காமல் மூன்று ஏக்கர் கரும்பு என்றார். பல வருஷமாகக் கூலிக்கு வெட்டுகிற காடு அது. விண்ணப்பத்தில் கூலி என்றல்லவா எழுதியிருக்கிறது, உண்மையிலேயே கஷ்டப்படுகிற ஒரு பிள்ளைக்கு இது போகட்டும் என்று அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும், அன்று அதுவே காப்பாற்றியது. டிவி பக்கத்து வீட்டுடையது, பீரோ எதிர் வீட்டுடையது, சங்கிலி இன்னார் வீட்டுடையது என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், "ஆமாங்க, அது எங்களுதுங்க" என்று வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். அம்மையாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்ப அந்த நிலம்?" என்று கேட்டார்.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். தெருவே நிற்கிறது, அப்பா தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். அவரைப் பொய்யராக்கி எனக்கென்ன படிப்பு? திருப்பூருக்கே போய்த் தொலையலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"நெலமும் ஊரான் நெலந்தாங்க. நான் வெட்றவன். பொண்ணு மேல தப்பு இல்லீங்க, அதுக்குத் தராம வுட்றாதீங்க."

அடுத்த வாரம் தேர்வானதாகத் தகவல் வந்தது. தெருவில் வெடி வெடிக்காத குறைதான். கூடவே பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு படிவம். தந்தையின் தொழில் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நான் தயங்கினேன். கூலி என்றால் மனசு நோகுமோ, விவசாயம் என்று போட்டுவிடலாமா என்று யோசனை.

அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா யோசன பண்ற? கரும்பு வெட்றவன்னு எழுது. நல்லா பெருசா எழுது."

கட்டத்தைத் தாண்டிப் போகிற மாதிரி எழுதினேன்.