காளிகாட்டிலிருந்து வந்த யாழ்

எங்காத்துக்காரர் காளிகாட் சந்துக் கடையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோதே எனக்குச் சந்தேகம். ஓடம் மாதிரி உடம்பு, மேலே தோல் போர்த்தி, ஒரு பக்கம் கொம்பு வளைந்து நின்றது. கட்டியிருந்த தந்தி ஒவ்வொன்றுக்கும் சிவப்புக் குஞ்சம்.

"யாழ்டி! பழம்பாட்டுல வர்ற யாழ். மதுரைப் பக்கத்துக் கோயில்லேர்ந்து வந்ததாம்."

"யார் சொன்னா?"

"கடைக்காரன்தான்."

அவனிடம் மதுரை எந்தத் திக்கு என்று கேட்டால் கங்கையைக் காட்டுவான். காசு வேண்டாமாம், சனிக்கிழமைக்குள் என் வீணையைக் கொடுத்தால் போதுமாம். அப்பா ஒரே பலாமரத்தில் குடையச் சொல்லி எனக்குக் கொடுத்தனுப்பிய வீணை!

"நம்மாத்துல வீணை இருக்கறது அவனுக்கெப்படித் தெரியும்?"

"பேச்சோட பேச்சா நான்தான் சொன்னேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற நோக்கு யாழைப்பத்தி என்ன தெரியும்?"

எழுத்துதான் எனக்குத் தடுக்கும், காது தடுக்காது. ஆபீசுக்குப் போகுமுன் தினமும் அவர் அந்தப் பழம்பாட்டை வாய்விட்டுப் படிப்பார். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். பாணன் தோளில் தொங்குகிற யாழ் எனக்கும் தெரியும். அதற்கு நரம்பு கட்டுவார்கள்.

மறுநாள் அவர் டிராம் ஏறியதும் தொட்டுப் பார்த்தேன். கல்யாணத்திலிருந்து பட்டுப்புடவை கட்டுகிறவள் விரல் ஏமாறுமா? நரம்பாவது! முறுக்கின பட்டு நூல்.

மத்தியானம் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி வந்தாள். பௌதி என்று கூப்பிடுவேன். புருஷனோடு பர்மாவில் இருந்தவள். பார்த்ததும் சிரித்துவிட்டாள். "ஓ மா! ரங்கூனில் எதிர்வீட்டுப் பெண் இதைத்தானே மடியில் வைத்து வாசிப்பாள்!"

சாயங்காலம் அவர் காபி குடித்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.

"ஏன்னா, பாட்டுல யாழுக்கு நரம்பா, பட்டா?"

"நரம்புதான்."

"தொட்டுப் பாருங்கோ."

தொட்டார். பௌதி சொன்னதையும் சொன்னேன். தம் அங்கவஸ்திரத்திலேயே அதைச் சுற்றினார். சனிக்கிழமை அது கடைக்குத் திரும்பியது. வீணை இருந்த இடத்தில் இருந்தது.

அவரிடம் ஒன்று மட்டும் சொல்லவில்லை. பௌதி வருமுன் அதை மீட்டிப் பார்த்தேன். தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு நாதம். என் வீணைக்கு அது கிடையாது. அப்புறம் அவர் பாட்டில் யாழ் என்று படிக்கிறபோதெல்லாம் அந்த நாதம்தான் என் காதில் கேட்டது.

ஓடம் போன்ற உடம்பு, போர்த்த தோல், வளைந்த கொம்பு எல்லாம் பாட்டில் உள்ளபடிதானே இருந்தன? பர்மாக்காரனுக்கு அது எங்கிருந்து போயிற்று? கேட்க வாய்வரை வரும். கேட்டால் மறுபடி காளிகாட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.