அடுப்பை மேட்டுக்குத் தூக்கிய நாள்

பத்தாவது வரை படித்தவள் நான். எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்த கேம்ப் சமையல்காரர்களுக்கு அனுபவத்தைச் சொல்லும்படி எங்கள் டிரெக் கம்பெனியின் அபர்டீன் பஜார் ஆபீசில் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

முதல் இரண்டு நாள்

வடக்கு அந்தமானில் ஐந்து நாள் டிரெக். மெயின்லேண்டிலிருந்து ஒன்பது பேர். கைடு பிஷு, பெங்காலி. சமையல் நான். வழி முழுக்க ஒரு நாலாதான். மழைக்காலத்தில் ஓடை, மார்ச்சில் வெறும் கல்லும் மணலும். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் பாலைவனம் மாதிரி சூடு. முதல் நாள் வெயிலில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். இரண்டாம் நாள் காற்றடித்து ரசத்தில் மணல் விழுந்தது. யாரும் குறை சொல்லவில்லை. மிளகு என்று நினைத்திருக்கலாம்.

மூன்றாம் நாள்

எங்கள் தொழிலில் அடுப்பு எங்கேயோ கேம்ப் அங்கே. சமையல்காரர் ஸ்டவ்வை இறக்கும் இடத்தைச் சுற்றித்தான் கூடாரம் போடுவார்கள். மறுநாள் வழியைப் பார்க்க பிஷு மேட்டு ஓரமாக முன்னே போயிருந்தார். மணல் சமமாக இருந்தது, பக்கத்தில் ஒரு குட்டைத் தண்ணீர். ஓரத்தில் ஏறக்கூடிய மேடு இருந்தும் நான் நாலாவின் நடுவிலேயே ஸ்டவ்வை இறக்கிவிட்டேன். தப்பு என்னுடையது.

நாலு மணிக்கு அரிசி களையத் தண்ணீர் மொண்டேன். மதியம் தெளிவாக இருந்த குட்டை கலங்கியிருந்தது. பச்சை இலைகள் மிதந்தன. எங்கள் தலைக்கு மேல் மேகமே இல்லை. மலையில் எங்கோ பெய்கிறது என்று புரிந்தது.

குழுவில் மூத்தவர் கோயம்புத்தூர் சார், பேங்கில் ரிட்டயர் ஆனவர். மற்றவர்கள் எல்லாவற்றுக்கும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மேட்டுக்குப் போய்விடலாமா என்று அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“ஏனுங்கம்மா, வானத்துல ஒரு மேகம் இருக்குதுங்களா? என்ற முட்டி இனி ஒரு படி ஏறாதுங்க.”

எனக்கு வாதாடத் தெரியாது. ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன். பிறகு பாத்திரம், பிறகு வெங்காய மூட்டை. மூன்று நடை. மேலே வெங்காயம் வதக்கினேன். வாசனை கீழே போனது. ஒவ்வொருவராகக் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். சார் மட்டும் அவர் கூடாரத்து வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“ஒரு டீ கீழ வரட்டுங்கம்மா.”

பதினொரு வருஷ வேலையில் விருந்தாளி யாருக்கும் ‘இல்லை’ என்று நான் சொன்னதில்லை.

“கீழ டீ கிடையாது சார். மேல வந்தா உண்டு.”

“என்னம்மா பேச்சு இது? ஆபீஸ்ல சொல்லிப்போடுவேன்.”

“சொல்லுங்க சார். மேல வந்து சொல்லுங்க. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்.”

குழுவில் கூட வந்திருந்த அவருடைய மருமகன் இறங்கிப் போய்த் தோள் கொடுத்து ஏற்றினார். வழி நெடுக சார் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். அவர் இரண்டாவது கிளாஸ் குடிக்கும்போது லாரி ஜல்லி கொட்டுவது போல் சத்தம் கேட்டது. தண்ணீர் பழுப்பாக, ஆள் உயரத்துக்கு வந்தது. அவர் கூடாரம் ஒரு தடவை உருண்டது. அப்புறம் இல்லை.

சார் ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்தார். பிறகு கிளாசை என்னிடம் நீட்டினார்.

“சக்கரை கொஞ்சம் கம்மியா, இன்னொண்ணு கிடைக்குங்களா?”

கொடுத்தேன். இருட்டுவதற்குள் பிஷுவும் வந்து சேர்ந்தார்.

புதியவர்களுக்கு இரண்டே விஷயம். மழையை வானத்தில் தேடாதீர்கள், அரிசி களையும் தண்ணீரில் பாருங்கள். பேச வராவிட்டால் அடுப்பைத் தூக்குங்கள்.

மறுநாள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. மேட்டிலேயே தங்கினோம். மதியம் சாம்பார் சாதம், அப்பளம்.